"எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்பது விசாரணை இல்லை

தேர்வறையில் ஒரு பிள்ளை பிடிபட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் முதலில் நடப்பது விசாரணை இல்லை. பிள்ளையை முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்குக் கூட்டிப்போய், ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்பார்கள். என்ன எழுத வேண்டும் என்பதையும் பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிடுவார்கள். தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் இதுபோல் செய்ய மாட்டேன், இந்த ஒருமுறை மன்னிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கை நடுங்க நடுங்க அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் பதிவெண்ணும் போட்டு அந்தப் பிள்ளை வெளியே வரும். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஆனால் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு எப்போதோ கூடுகிற விசாரணைக் குழு கோப்பைத் திறந்தால் மேலே இருப்பது அந்தக் கடிதம்தான். "ஒத்துக்கிட்டாளே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த கோப்பை எடுப்பார்கள்.

நான் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன். இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். காப்பி அடிக்கிறவர்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிட்டு என்பது இப்போது சும்மா கையால் கிறுக்கின துண்டுத்தாள் கிடையாது. கைடின் பக்கங்களைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்து, நீளவாக்கில் வெட்டி, விசிறி மாதிரி மடித்து, எந்தக் கேள்விக்கான பதில் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று தனியாக ஒரு குட்டிச் சீட்டும் எழுதி வைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி ஒருவன் எழுதி அறுபது மார்க் வாங்கும்போது, பக்கத்து பெஞ்சில் ராத்திரி முழுக்க முழித்துப் படித்துவிட்டு வந்து ஐம்பது வாங்குகிற பிள்ளைக்கு நாம் துரோகம் செய்கிறோம். அதனால் பிடிக்கத்தான் வேண்டும், தண்டனையும் கொடுக்கத்தான் வேண்டும். பிடிக்கிற வேலையை நாம் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறோம். பிடித்த பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்வதில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் என்ன விட்டுப்போகிறது என்பது இதில் நன்றாகத் தெரியும். முக்கூடல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து பி.காம் படித்த பெண். வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், அவள்தான் அந்த வீட்டில் முதல் பட்டதாரியாக வேண்டியவள். மதியத் தேர்வு, மேலாண்மைக் கணக்கியல். பறக்கும் படை உள்ளே வந்தபோது அவளுடைய பெஞ்சில் விடைத்தாளுக்கு அடியில் பென்சிலால் எழுதின சூத்திரங்கள் இருந்தன. நடப்பு விகிதம், அதற்குக் கீழே 2:1 என்று ஒரு குறிப்பு, இன்னும் இரண்டு விகிதங்கள். அவள் கையில் பென்சில் இருந்தது. கணக்குப் பாடத்தில் கட்டம் போட எல்லோரிடமும் பென்சில் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அதுவே சாட்சியாகிவிட்டது. விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். கடிதமும் வாங்கிக்கொண்டார்கள்.

கோப்பு எங்களிடம் வந்தபோது அதில் மூன்று தாள்கள்தான். பறக்கும் படையின் அறிக்கை நாலு வரி, அவளுடைய மன்னிப்புக் கடிதம், செல்போனில் எடுத்த பெஞ்சின் புகைப்படத்தின் கறுப்புவெள்ளைப் பிரதி. விடைத்தாள் வேறு அலுவலகத்தில் உறையில் ஒட்டி இருந்தது, அதை யாரும் பிரிக்கவில்லை. அன்று காலையில் அதே அறையில் வேறு யாராவது தேர்வு எழுதினார்களா, அதே பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க இருக்கை வரைபடம் கல்லூரியிலேயே இருந்தது, அதையும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

கேட்டு வாங்கிப் பார்த்தோம். காலையில் அந்த அறையில் பி.பி.ஏ. பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், அவர்களுடைய பாடத்திலும் அதே விகிதங்கள் வரும். உறையைப் பிரித்தால், இந்தப் பெண் விகிதக் கணக்கையே தொடவில்லை. அது விருப்பக் கேள்வி, அவள் நிதி ஓட்ட அறிக்கையை எடுத்துப் பாதிக்கு மேல் போட்டு முடித்திருக்கிறாள். அப்புறம் அந்த '2'. அவள் விடைத்தாள் முழுவதும் 2-க்கு அடியில் ஒரு சுழி போட்டு எழுதுகிறாள், பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான். பெஞ்சில் இருந்த 2 சுழி இல்லாமல் அடியில் தட்டையாக இழுத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கையெழுத்து நிபுணர் தேவையில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

"பின்ன ஏம்மா எழுதிக் கொடுத்தே?" என்று கேட்டோம். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அடுத்த பேப்பருக்கு உள்ளே விட மாட்டோம் என்று சொன்னதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா வந்திருந்தார். அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடியைப் போட்டுவிட்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், "சார், எம்பிள்ளைக்குப் படிப்பு வரலன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். கள்ளத்தனம் வராது சார்" என்றார்.

அவளை விடுவித்தோம். ஆனால் அதற்குள் தேர்வு முடிவுகள் எல்லோருக்கும் வந்து, அவளுக்கு மட்டும் நிறுத்திவைப்பு என்று வந்து, எம்.காம் சேர்க்கையும் முடிந்திருந்தது. ஒரு வருஷம் நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். அடுத்த வருஷம்தான் சேர்ந்தாள். குற்றம் இல்லை என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு ஒரு வருஷத் தண்டனை. விடுவித்த நாங்கள் நியாயம் செய்துவிட்டதாக வீட்டுக்குப் போய்விட்டோம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. அந்தப் பெஞ்சைத் தேர்வுக்கு முன்னால் துடைத்திருந்தால், இல்லை அன்று சாயங்காலமே வரைபடத்தைப் பார்த்திருந்தால், இது எதுவும் நடந்திருக்காது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்றும் புதிய விஷயம் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் 1954-இல் இன்டர்மீடியட் தேர்வு எழுதித் தேர்ச்சி என்று முடிவும் வந்த மூன்று மாணவர்களுக்கு, பிறகு முடிவை ரத்து செய்து, அடுத்த ஆண்டுத் தேர்வும் எழுதக்கூடாது என்று வாரியம் உத்தரவு போட்டது. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1962-இல் சொன்னது இதுதான்: ஒரு மாணவனின் எதிர்காலத்தையே பாதிக்கிற முடிவை எடுக்கிற தேர்வுக் குழு கிட்டத்தட்ட ஒரு நீதிமன்றத்தின் வேலையைச் செய்கிறது, ஆகவே குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். விதிகளில் அப்படி எழுதியிருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு ஒரு பொருட்டே இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நீதிமன்றங்கள் எப்போதும் மாணவன் பக்கம் நிற்கும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அதே உத்தரப் பிரதேச வாரியத்தின் இன்னொரு வழக்கில் இரண்டு விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தவறுகள், வார்த்தைக்கு வார்த்தை. நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனாலும் மாணவனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தார்கள், சூழ்நிலையை வைத்துக் குழு முடிவெடுத்திருந்தது, அதில் தலையிட வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். சரியான விடை ஒரே மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை, தவறு ஒரே மாதிரி இருந்தால்தான் யோசிக்க வேண்டும், இது பேப்பர் திருத்துகிற எல்லோருக்கும் தெரியும். பீகாரில் ஒரு மையம் முழுக்கக் காப்பி நடந்தது என்று மொத்தத் தேர்வையும் ரத்து செய்தபோது, யாரையும் தனியாகக் குற்றம் சொல்லாதபோது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிக்கத் தேவையில்லை என்று 1970-இல் தீர்ப்பு வந்தது. ஆக, நீதிமன்றம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்லவில்லை. ஒரு தனி ஆளின் மேல் குற்றம் சுமத்தினால் அந்த ஆளைக் கேள், கையில் உள்ளதைக் காட்டு, அவ்வளவுதான். அதைக்கூடச் செய்ய முடியாத அளவுக்கு எந்தக் கல்லூரிக்கும் வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தண்டனை அளவு ஓரளவுக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் படிப்படியாகத்தான் இருக்கும். பிட்டு கையில் இருந்து பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பேப்பர் மட்டும் ரத்து, பயன்படுத்தியிருந்தால் அந்த செமஸ்டர் முழுக்க, அதற்கு மேல் போனால் அடுத்த ஒன்றிரண்டு தேர்வுகளை எழுதவே தடை (டிபார்), ஆள்மாறாட்டம் என்றால் போலீஸ் வரைக்கும். எனக்கு இதில் பெரிய குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தண்டனை உத்தரவில் காரணம் இருக்காது. 'விசாரணைக் குழுவின் பரிந்துரையின்படி' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. எந்த ஆதாரத்தை ஏற்றுக்கொண்டோம், பிள்ளை சொன்ன விளக்கத்தை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பாரா எழுதினால் போதும், மேல்முறையீடு செய்ய ஒரு பிடிமானம் கிடைக்கும். எழுத உட்கார்ந்தால்தான் நமக்கே நம்மிடம் காரணம் இருக்கிறதா என்று தெரியவரும்.

இதெல்லாம் தேர்வறை. ஆராய்ச்சிப் பக்கம் விதிகள் கொஞ்சம் தெளிவாகவே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் ஒன்றும் இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டினது, துணைநூல் பட்டியல், துறைக்குப் பொதுவான சொற்கள் இதெல்லாம் கணக்கில் சேராது, பொதுவாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்லும் 14 வார்த்தை வரையிலான தொடரும் சேராது. துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு, ஒவ்வொன்றுக்கும் 45 நாள் கெடு. சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும், இயற்கை நீதியைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது.

நல்ல விதிதான். ஆனால் இளங்கலைப் பிள்ளைகளுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் அசைன்மென்ட், புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் இவற்றையெல்லாம் அந்த ஒழுங்குமுறை வெளியே விட்டுவிட்டது. பி.எச்டி. மாணவருக்குக் குழு, கெடு, விளக்கம் கேட்கிற முறை எல்லாம் உண்டு. சேரன்மகாதேவியிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் வந்து படிக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளையின் இன்டர்னல் மார்க்கைப் பொறுத்தவரை அந்தந்த ஆசிரியர் வைத்ததுதான் சட்டம். நல்ல ஆசிரியர் கிடைத்தால் கூப்பிட்டுக் கேட்பார். கிடைக்கவில்லை என்றால் 25-க்கு 6 போட்டுவிட்டுப் போய்விடுவார், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

இந்த ஓட்டையில்தான் சாட்ஜிபிடி வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மொத்த வகுப்பும் ஒரே அசைன்மென்டைத் தலைப்பு மாற்றிக் கொண்டுவந்து வைப்பதை நானும் பார்க்கிறேன். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று இலவசமாகக் கிடைக்கிற ஏதோ ஒரு கருவியில் போட்டு, '82 சதவீதம் செயற்கை நுண்ணறிவு' என்று வந்ததும் பிள்ளையை நிற்கவைத்துக் கேட்பது பெரிய அநியாயம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே 2023-இல் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, மனிதர்கள் எழுதின அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லிவிட்டன. எளிய சொற்களும் எதிர்பார்க்கக்கூடிய வாக்கியங்களும் வந்தால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளின் ஆங்கிலம் எப்படிப்பட்டது? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் வந்து கைடில் உள்ள வாக்கியத்தை மனப்பாடம் செய்து, தெரிந்த நாலு வாக்கிய அமைப்பிலேயே எல்லாவற்றையும் எழுதுகிற ஆங்கிலம். அந்தக் கருவி யாரைப் பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளை இயந்திரம் எழுதினதை நாலு இடத்தில் மாற்றித் தப்பித்துவிடும். சொந்தமாகக் கஷ்டப்பட்டு எழுதின பிள்ளை மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டின் என்ற, காப்பியைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் தருகிற இந்தச் சோதனையை நிறுத்திவைத்தது. ஹரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு சட்ட மேற்படிப்பு மாணவரை ஃபெயில் ஆக்கினார்கள். அவர் 2024-இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அங்கே செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக்கூடாது என்று விதி எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி ஆக்கிவிட்டதாகச் சொல்ல, வழக்கு முடிந்தது. அவர் வக்கீல், அவருக்கு வழி தெரிந்திருந்தது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. பிள்ளையை உட்காரவைத்து, "இதை நீ எப்படி எழுதினே, இந்தப் பாராவில் என்ன சொல்ல வாரே?" என்று தமிழிலேயே கேட்டால், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எழுதின பிள்ளை தடுமாறினாலும் விஷயத்தைச் சொல்லிவிடும், எழுதாத பிள்ளை தலைப்புக்கே அர்த்தம் சொல்லாது. அறுபது பேர் வகுப்பில் எல்லோரையும் இப்படிக் கேட்க முடியாது என்கிறார்கள். எல்லோரையும் கேட்கச் சொல்லவில்லை, யார் மேல் சந்தேகமோ அவர்களைக் கேளுங்கள். கேட்க நேரம் இல்லை என்றால் குற்றம் சொல்லவும் கூடாது.

மாணவர்கள் எங்கே போய் முறையிடுவது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், புகார் வந்தால் 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும், அதில் திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு போகலாம். தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவை எதுவும் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் "அரியர் எழுதிக்கிடலாம் சார்" என்று விட்டுவிடுகிறார்கள். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்த பிறகு மதிப்பெண் சான்றிதழுக்காக மதுரைக்கு அலைவது நின்றது. வழக்குப் போட வேண்டும் என்றால் இன்றைக்கும் மதுரைதான். 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை அங்கே வந்ததால் சென்னை வரை போக வேண்டாம், அந்த மட்டில் பரவாயில்லை. ஆனால் பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து யார் மதுரைக்குப் போய் வக்கீல் வைப்பார்கள்? அதனால்தான் கல்லூரிக்குள்ளேயே நியாயம் கிடைத்தாக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இன்னொன்று. பிடிபட்ட பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். தேர்வறையில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கி வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. தப்பே செய்திருந்தாலும் பரீட்சைதானே போகும். ஒரு ஆசிரியர் கூடவே இருந்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் பேசி, யாராவது வந்து கூட்டிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு எந்த ஒழுங்குமுறையும் தேவையில்லை.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன், இங்கேயும் எழுதிவைக்கிறேன். உட்கார்ந்ததும் பெஞ்சையும் மேஜைக்கு அடியையும் பார், ஏதாவது எழுதியிருந்தாலோ தாள் கிடந்தாலோ கேள்வித்தாள் வாங்குவதற்கு முன்னாலேயே கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டு. பிடிபட்டால் சண்டை போடாதே, அழு, பரவாயில்லை. கடிதம் கேட்டால் நடந்ததை மட்டும் எழுது. செய்திருந்தால் செய்தேன் என்று எழுது, பொய் சொல்லாதே. செய்யவில்லை என்றால் மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எழுதாதே, 'பெஞ்சில் இருந்த எழுத்து என்னுடையது இல்லை, காலையில் இங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்கவும்' என்று எழுது. எத்தனை மணிக்கு எழுதுகிறாய் என்பதையும் போடு. நகல் கேள். தர மாட்டேன் என்றால், வெளியே வந்ததும் நீ எழுதினதை நினைவிலிருந்து அப்படியே இன்னொரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள், அன்றைக்கு ராத்திரிக்குள் உன் துறைத் தலைவருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிடு.